மேஸ்திரி கிள்ளிய ஆறு வரிசை

மேஸ்திரியின் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், டீவி பார்க்கும்போதும், யாராவது நீட்டி முழக்கிப் பேசும்போதும் அவை இரண்டும் தாமாகச் சேர்ந்து, இல்லாத எதையோ கிள்ளிப் போடும். முப்பத்தோரு வருஷம் கிள்ளியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய விரல்கள். அவற்றைக் குறை சொல்லவும் முடியாது.

அவர் வேலை பார்த்தது ஊர் எல்லையில் இருந்த கண்ணாடிக் கூடத்தில். சுவரும் கூரையும் கண்ணாடி, உள்ளே வரிசை வரிசையாகத் தக்காளி. எல்லாம் கொடி ரகம். கூரையிலிருந்து ஒரு நூல் தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டு செடி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒரு செடிக்கு ஒரே தண்டு என்பது அந்த இடத்துச் சட்டம். இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பக்கத் தளிர் ஒன்று தலை நீட்டும். அதை விரல் நீளத்திலேயே கிள்ளி எறிந்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது தனிக் கிளையாகித் தண்டின் பலத்தையெல்லாம் தின்றுவிடும். கிள்ளுகிற ஆளாகச் சேர்ந்து, மற்றவர்கள் ஒழுங்காகக் கிள்ளுகிறார்களா என்று பார்க்கிற ஆளாக உயர்ந்து, மேஸ்திரி என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றார். வேலை போனாலும் பட்டம் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

மனைவிக்குத் தையல் தொழில். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கூரை வரை அடுக்கிய பள்ளிச் சீருடைத் துணி. மிச்சமிருந்த இடத்தில் ஒரு நாற்காலி போடலாம், ஆனால் அதில் உட்கார்பவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி காலை மடக்கி உட்கார்ந்து மூன்று மாதம் ஓட்டினார். நான்காவது மாதம் பக்கத்து வீட்டு வாசலில் இருந்த மணிபிளான்டைப் போகிற போக்கில் கிள்ளிவிட்டார். அந்த வீட்டுக்காரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உங்க ரெண்டு விரலுக்கும் ஒரு உறை தைச்சுத் தரட்டுமா?" என்று மனைவி கேட்டார். "துணி நெறைய மிச்சம் இருக்கு."

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் தன் கைக்கு வேலை வைத்திருக்கிற இடம் ஒன்றுகூட இல்லையே என்ற எண்ணம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நல்ல மனிதர்கள் பலருக்கு ஓய்வு பெற்ற பிறகு வருகிற வியாதிதான் இது. மருந்துக்கடையில் இதற்கு மாத்திரை இல்லை.

ஒரே ஒரு இடம் இருந்தது. ஆனால் அது சம்பந்தியுடைய இடம்.

மருமகளின் அம்மா லாரிப் பட்டறை ஒன்றில் கேன்டீன் நடத்துபவர். எல்லாருக்கும் அவர் கேன்டீன்காரம்மா. தினமும் மத்தியானம் நாற்பது மெக்கானிக்குகள் முழங்கை வரை கிரீஸோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே வருவதற்குக் காரணம் அந்த அம்மாவின் தக்காளி விழுது. வருஷம் முழுவதற்கும் வேண்டிய விழுதை ஒரே மூச்சில் காய்ச்சி, பாட்டில் பாட்டிலாக அடைத்து வைத்துவிடுவார். பட்டறைச் சுவருக்குப் பின்னாலேயே வேலி போட்ட திறந்த வெளி நிலம். அதில் எட்டு வரிசை, வரிசைக்கு முப்பது செடி. வருஷத்துக்கு ஒருமுறை பட்டறையை மராமத்துக்காகப் பத்து நாள் மூடுவார்கள். அந்தப் பத்து நாளில் பழமெல்லாம் ஒன்றாகப் பழுக்கிற மாதிரி நாள் பார்த்து நடுவார். அண்டாவை அடுப்பில் ஏற்றினால் எல்லாப் பாட்டிலும் நிரம்பிய பிறகுதான் இறக்குவார்.

இப்படி ஒரு தோட்டமும் இப்படி ஒரு மேஸ்திரியும் ஒரே ஊரில் இருந்தும் மூன்று வருஷமாக ஒன்று சேரவில்லை. தப்பு மேஸ்திரியுடையதுதான். பிள்ளையின் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், நாற்பது பேருக்கு நடுவில் அவர் அந்த விழுதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது வெளித் தக்காளி. தோல் தடிப்பு" என்றார். தொழில் தெரிந்தவர் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். ஆனால் விழுதை ராத்திரி பகலாக நின்று காய்ச்சிய அம்மா பக்கத்திலேயே பரிமாறிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லைங்க சம்பந்தி. அடுத்த தடவை நல்லதாப் பார்த்துப் போடறேன்" என்றார் அவர். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே மரியாதை. மேஸ்திரி பழம் வாங்கிக்கொண்டு போனால், "இதெல்லாம் எதுக்குங்க, வேண்டாம்ங்க" என்று கேன்டீன்காரம்மா சொல்வார். சொல்லிக்கொண்டே கை நீட்டி வாங்கிக்கொள்வார். டீ கொண்டுவந்தால் "வேண்டாம்ங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று மேஸ்திரி சொல்வார், சொல்லிக்கொண்டே குடிப்பார். பேச்சு எல்லாம் தண்ணீரில் கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். ஒரு சண்டை கிடையாது, ஒரு கிண்டல் கிடையாது. மேஸ்திரி அந்த வேலிக்கு வெளியே நின்று செடிகளைப் பார்ப்பார், விரல்கள் துடிக்கும், வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் கேன்டீன்காரம்மாவின் அக்காவுக்கு வெளியூரில் முழங்கால் ஆபரேஷன் என்று சேதி வந்தது. ஒன்பது நாள் கூட இருந்தாக வேண்டும். கேன்டீனை உதவிக்கு இருக்கிற பெண்மணி பார்த்துக்கொள்வார். செடிக்குத் தண்ணீர்? மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், அவளுக்கு நேரம் காலம் கிடையாது. அவள்தான் சொன்னாள்: "மாமா சும்மாதானேம்மா இருக்காங்க. கேட்டுப் பாரேன்."

கேன்டீன்காரம்மா போன் செய்தார். அவர் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. சாயங்காலம் தண்ணி மட்டும் விட்டாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்க."

"அதுக்கென்னங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார் மேஸ்திரி. போனை வைத்தவர் அரை மணி நேரம் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குள் நடந்தார். ஒரு வெட்டுத் துணியின் மேலும் நடந்துவிட்டார்.

இங்கேதான் விஷயம் கெட்டது. "வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றதை மேஸ்திரி எப்படி எடுத்துக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷமாக இரண்டு குடும்பத்திலும் யாரும் ஒரு வேண்டாமையும் வேண்டாம் என்ற அர்த்தத்தில் சொன்னதில்லை. பழம் வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள். டீ வேண்டாம் என்றால் குடிப்பார்கள். அப்படியென்றால் வேலை வேண்டாம் என்பதற்கு என்ன பொருள்? நமக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சப்படுகிறார் என்பதுதானே. சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் சம்பந்தி என்ற உறவுக்கு என்ன மதிப்பு?

முதல் நாள் தண்ணீர் மட்டும்தான் விட்டார். ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போகும்போது செடிகளைக் கவனித்தார். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நட்டு ஏழு வாரம் ஆகியிருக்கும். இடுப்புக்குக் கீழேயே நிற்கின்றன. ஒவ்வொரு இடுக்கிலும் பக்கத் தளிர் சாண் நீளத்துக்கு வளர்ந்து, செடி முழுக்கப் புதராக அடர்ந்து கிடக்கிறது. பாவம், கேன்டீனையும் பார்த்துக்கொண்டு அந்த அம்மா எப்படித்தான் இதைச் சமாளிப்பார் என்று மேஸ்திரி உண்மையிலேயே இரக்கப்பட்டார்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு தளிரைக் கிள்ளினார். அது டக்கென்று ஒடிந்த சத்தத்தில் அவர் இத்தனை மாதம் கேட்காத ஒரு சங்கீதம் இருந்தது. பிறகு விரல்களை யார் நிறுத்துவது? தடித்த தளிர்களுக்கு வீட்டிலிருந்து சின்னக் கத்தி கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை. குனிந்து, நிமிர்ந்து, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு, நான்காம் நாள் சாயங்காலத்துக்குள் ஆறு வரிசையை முடித்துவிட்டார். செடிகள் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் பிள்ளைகள் மாதிரி சுத்தமாக, ஒட்ட வெட்டிய தலையோடு நின்றன. அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "சம்பந்தியம்மா வந்து பார்த்தா அசந்துடுவாங்க" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

ஐந்தாம் நாள் குச்சிகளும் நூலும் வாங்கிக்கொண்டு போனார். ஒற்றைத் தண்டாக்கிய செடியை நூலில் ஏற்றிக் கட்ட வேண்டும் அல்லவா? முதல் செடியின் நுனிக் கொழுந்தைத் தேடினார். மேலே போகிற கொழுந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் நூலைச் சுற்ற வேண்டும். தேடினார், காணோம். தண்டின் உச்சியில் ஒரு பூங்கொத்து இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பூச்சி கடித்திருக்கும் என்று அடுத்த செடிக்குப் போனார். அங்கேயும் பூங்கொத்தோடு தண்டு முடிந்திருந்தது. மூன்றாவது, நான்காவது, பத்தாவது. முப்பது செடியும் பார்த்தார். ஒன்றுக்கும் கொழுந்து இல்லை. எல்லாம் இத்தோடு போதும் என்று வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருந்தன.

மேஸ்திரி கையில் நூலோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தொழில் தெரிந்தவருக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவையில்லை. குத்து ரகம் என்று ஒன்று உண்டு, இடுப்பு உயரத்தில் நின்றுவிடும், பழம் எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றாக வரும் என்று அவர் காதால் கேட்டிருக்கிறார். கிட்ட நின்று பார்த்ததில்லை; வேலிக்கு வெளியே நின்றபோதெல்லாம் இவற்றைக் கிள்ளாமல் விட்ட கொடி என்றே நினைத்திருந்தார். கண்ணாடிக் கூடத்தில் அதற்கு வேலையில்லை. குத்துச் செடிக்குப் பாதிக்கு மேல் காய் பக்கக் கிளையில்தான் வரும். தண்டு நின்றுவிடும், கிளை கிளையாகப் போய்த்தான் அது காய்க்கும். அந்தக் கிளையைத்தான் அவர் ஆறு வரிசையிலும் மழுங்க எடுத்துவிட்டார். இனிமேல் ஏறவும் முடியாது, படரவும் முடியாது. ஒவ்வொரு செடியிலும் நாலு கொத்து மிச்சம். கேன்டீனின் ஒரு வருஷத்து விழுதை அவர் ஒத்தைக் கையால் கிள்ளி எறிந்திருந்தார்.

கிள்ளி எறிந்தது எங்கே? எழுந்து ஓடினார். முதல் நான்கு வரிசைத் தளிரெல்லாம் வேலியோரம் வெயிலில் சருகாகிக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் கிள்ளிய இரண்டு வரிசைத் தளிர் மட்டும் குழாயடியில் ஈரத்தில் கிடந்ததால் வாடியிருந்தாலும் உயிரோடு இருந்தது. கூடத்தில் ஈரத் தரையில் விழுந்த தளிர் தானாக வேர் விட்டதை அவர் எத்தனையோ தடவை பார்த்து, மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். நல்லதாகப் பொறுக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டு தேறியது. ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று இரவு மனைவி சமையலறைக்குள் நுழைந்தபோது ஒரு பாத்திரம் காலியாக இல்லை. குக்கரில் தளிர், பக்கெட்டில் தளிர், டம்ளர்களில் மூன்று மூன்றாகத் தளிர். பல் துலக்கும் குவளையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல எதுல சமைக்கட்டும், தையல் மெஷின்லயா?" என்றார் மனைவி. பிறகு கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அவங்க என்னைத் திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன். பரவாயில்லைன்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயமா இருக்கு" என்றார். ஒரு தடவை அந்த அம்மாவின் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதற்கு மூன்று வருஷம் வேலிக்கு வெளியே நின்றாயிற்று. இன்னொரு தடவை கேட்டால் அந்தக் கதவு இனித் திறக்காது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மகனுக்கு விஷயம் தெரிந்ததும், "அப்பா, ஆடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றான். மருமகள், "கத்தியால வெட்டற ஆடா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னாள். மேஸ்திரி இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்துக் கதவருகே போய் நின்றார்.

கேன்டீன்காரம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகத் தோட்டத்துக்குத்தான் வந்தார். மேஸ்திரி, "சம்பந்தியம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். கொடி ரகம்னு நெனச்சுக் கிள்ளிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த அம்மா முதல் வரிசையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஆறாவது வரை மெதுவாக நடந்து போய், ஒரு செடியின் தண்டில் காய்ந்திருந்த வெட்டுக்காயத்தை விரலால் தடவினார். கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது. மேஸ்திரி ஆவலோடு காத்திருந்தார்.

"பரவாயில்லைங்க சம்பந்தி" என்றார் கேன்டீன்காரம்மா. "நல்ல மனசோடதானே செஞ்சீங்க. வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க. இனிமே உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்."

அந்த டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தார். மேஸ்திரி தன் வாழ்நாளில் அதைவிடக் கசப்பான ஒன்றைக் குடித்ததில்லை.

"திட்டலையா?" என்று வீட்டில் மனைவி கேட்டார்.

"இல்ல. டீ குடுத்தாங்க."

"அப்ப கஷ்டம்தான்."

தளிர்களுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அவை பாட்டுக்குத் தண்ணீரில் நின்று, பத்தாவது நாள் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டன. மேஸ்திரி தினமும் தண்ணீர் மாற்றினார். மனைவி ஒரு வாரத்துக்கு மேல் ஒரே ஒரு வாணலியில் காலத்தை ஓட்டினார்; அதையும் மேஸ்திரி ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தபோது, "தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று எச்சரித்தார். வேர் விட்டதில் நூற்றெழுபது உருப்படியாக இருந்தது. பழப் பெட்டிகளில் ஈர மண் பரப்பி அடுக்கினார்.

"சம்பந்தியம்மா கேன்டீன்ல இருக்கற நேரமாப் பார்த்துப் போய் நட்டுட்டு வந்துடறேன். சிரமம் குடுக்க வேண்டாம்" என்றார்.

மனைவி மெஷினை நிறுத்தினார். "ஏங்க, ஒரு தடவை கேக்காமச் செஞ்சது போதாதா? போய்க் கேளுங்க. கேட்டுட்டுச் செய்யுங்க."

ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சரியான சாப்பாட்டு நேரம். தகரக் கூரைக்குக் கீழே நீளமான இரும்பு மேசை, அதற்குப் பின்னால் ஆவி பறக்கிற பாத்திரங்கள், கையில் கரண்டியோடு கேன்டீன்காரம்மா. நாற்பது பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரிசையை மீறிப் போக மேஸ்திரிக்குத் துணிச்சல் இல்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார். பத்து நிமிஷத்தில் அவருடைய முறை வந்தது. தட்டு நீட்ட வேண்டிய இடத்தில் பெட்டியை வைத்தார்.

"அன்னைக்குக் கிள்ளினதுல மிச்சம். வேர் விட்டிருக்கு. நூத்தியெழுபது. உங்க நெலத்துல தெக்கால ஒரு துண்டு சும்மா கெடக்கே, அங்க நட்டுத் தரலாமான்னு கேக்க வந்தேன்."

கேன்டீன்காரம்மா வேர்களைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண் அகலமானது. ஆனால் வாய் பழைய பழக்கத்திலேயே திறந்தது. "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், சம்பந்தி. வேண்டாம்ங்க."

மேஸ்திரிக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. வரிசையில் நின்ற களைப்பாகவும் இருக்கலாம். "சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. இது நெஜ வேண்டாமா, மரியாதை வேண்டாமா? எனக்குப் பிரிச்சுத் தெரியல. போன தடவையும் அது தெரியாமத்தான் கெட்டுப்போச்சு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பின்னால் நின்ற மெக்கானிக்குகள் எட்டிப் பார்த்தார்கள்.

"நெஜ வேண்டாமா?" என்றார் கேன்டீன்காரம்மா. குரல் மெல்லத்தான் ஆரம்பித்தது. "அன்னைக்கு நான் நெஜமாத்தான் சொன்னேன். தண்ணி மட்டும் விடுங்கன்னா தண்ணி மட்டும் விட வேண்டியதுதானே? கை ஊறுச்சுன்னா உங்க வீட்டுல போய்க் கீரை ஆய வேண்டியதுதானே? ஏழு வாரம் பிள்ளை மாதிரி வளர்த்தேன். முழங்கால் வலியோட குனிஞ்சு குனிஞ்சு நட்டேன். ஒரு ஆட்டை அண்ட விட்டிருப்பேனா, ஒரு மாட்டை அண்ட விட்டிருப்பேனா? கடைசில மேஸ்திரின்னு ஒரு பெரிய மனுஷன் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து மொட்டை அடிச்சிட்டுப் போயிட்டாரு. நான் உங்களுக்கு என்னண்ணே பாவம் பண்ணேன்?"

"அக்கா, சோறு ஆறுது" என்றார் வரிசையில் ஒருவர்.

"ஆறட்டும். இரு." கரண்டி மறுபடி மேஸ்திரி பக்கம் திரும்பியது. "இன்னைக்கு நேத்தா? கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்சீங்க. நாப்பது பேர் முன்னாடி தோல் தடிப்புன்னீங்க. மூணு வருஷமா ஒரு தக்காளி நறுக்கறப்பக்கூட அது என் காதுல கேக்குது. தெரியுமா?"

"தோல் தடிப்புன்னா பாராட்டும்மா" என்றார் மேஸ்திரி பரிதாபமாக. "வெயில்லயும் காத்துலயும் வளர்ந்தாத்தான் தோல் தடிக்கும். காய்ச்சறப்போ சதை நல்லா திடமா வரும். நான் முப்பத்தோரு வருஷம் வளர்த்ததெல்லாம் வெறும் தண்ணி. தொட்டாத் தோல் கிழியும். அன்னைக்குத்தான் ஒழுங்கான தக்காளின்னா என்னன்னு நாக்குக்குத் தெரிஞ்சது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

கேன்டீன்காரம்மா கரண்டியை இறக்கினார். "அத அன்னைக்கே முழுசாச் சொல்றதுக்கென்ன?"

"அதுக்குள்ள நீங்க பரவாயில்லைன்னுட்டீங்களே."

யாரோ ஒரு மெக்கானிக் சிரித்துவிட்டார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு தட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கால் மணி நேரம் திட்டினார். மூன்று வருஷத்தில் பாக்கி வைத்த கோபத்தை ஒன்று விடாமல் தேடி எடுத்துத் திட்டினார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இடையில் ஐந்தாறு தடவை அண்ணே வந்தது, ஒரு தடவைகூடச் சம்பந்தி வரவில்லை. மேஸ்திரி அதைக் கவனித்தார்.

"இந்தப் பெட்டிய நெழல்ல வைங்க" என்று கடைசியில் மூச்சு வாங்கினார் கேன்டீன்காரம்மா. "நாலு மணிக்கு நடலாம். நான் கூட நிப்பேன். நான் சொல்லாம ஒரு இலையத் தொடக் கூடாது. மொதல்ல ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வாங்க. சாப்பிடாம என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க."

மேஸ்திரி அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டெடுத்து வந்து மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இருட்டிய பிறகு கை காலெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்து, "நாப்பது பேர் முன்னாடி திட்டிட்டாங்க" என்று வாசலிலேயே சொன்னார்.

"நல்லாத் திட்டினாங்களா?"

"நல்லா."

"அப்பாடா" என்று மனைவி குக்கரைக் கழுவ எடுத்துப் போனார்.

அதற்காக எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். பட்டறை மூடிய பத்து நாளில் கிள்ளாத இரண்டு வரிசையில்தான் பழம் குவிந்தது. கிள்ளிய ஆறு வரிசையிலும் செடிக்குப் பத்துப் பதினைந்து. பெரிய பெரிய பழம்தான், ஆனால் பெரிதாக இருந்து என்ன செய்ய? அண்டா பாதிகூட நிறையவில்லை. வேர் விட்டு நட்ட நூற்றெழுபதும் ஐந்து வாரம் கழித்து, பட்டறை முழுவீச்சில் ஓடும்போது ஒன்றாகப் பழுத்துத் தள்ளியது. அவையும் குள்ளமாகத்தான் இருந்தன. கேன்டீனை மூட முடியாது. அதனால் அந்த மூன்று வாரமும் மேஸ்திரிதான் விடியற்காலையில் பறித்து, கழுவி, அண்டா முன்னால் நின்று கிண்டினார். கேன்டீன்காரம்மா மேசைக்குப் பின்னாலிருந்தபடியே, "அண்ணே, அடி பிடிக்குது" என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்துக் கத்துவார். இரண்டும் சேர்ந்தும் வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பாட்டில்தான் நிரம்பியது.

ஆகவே வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே விழுது தீர்ந்துபோனது. கடையில் வாங்கிய விழுதை ஊற்றிய முதல் நாள் மத்தியானம் ஒரு புது மெக்கானிக் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கு ருசி வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"என்னை ஏன் கேக்கற? அதோ வெங்காயம் உரிக்கறாரே, எங்கண்ணன், அவர்கிட்டக் கேளு. எல்லாம் அவர் கைங்கரியம்."

மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியை நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ஆட்களுக்குக் கதை தெரியும், சிரித்தார்கள். அவர் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை.

"கூடப் பொறந்தவராக்கா?" என்றார் புது மெக்கானிக்.

"இல்ல" என்றார் கேன்டீன்காரம்மா, அடுத்த தட்டுக்குப் பரிமாறிக்கொண்டே. "திட்டித் திட்டி ஆன அண்ணன்."

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் உரிக்கிறவர் கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.